இறுகிய கால்களின் கதை



நான் படிப்பது வணிகவியல். வரவு, செலவு, ஐந்தொகை இவைதான் என் பாடம். நரம்பு நோயைப் பற்றி எழுத இவனுக்கு என்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம். காரணம் என் பெரியம்மா. அவருக்குப் பல வருடங்களாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இருக்கிறது. காலையில் கட்டிலில் இருந்து அவரை இறக்கி உட்கார வைப்பது பெரும்பாலும் என் வேலை. கல்லூரிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் முழங்காலை மடக்கப் போவேன். கால் மரக்கட்டை போல் விறைத்துக்கொள்ளும். "கொஞ்சம் தளர்த்திக்கோங்க பெரியம்மா" என்பேன். "நானாடா பிடிச்சு வச்சிருக்கேன்?" என்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்த வரலாறு.

முதலில் நோயைப் பற்றி இரண்டு வார்த்தை. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற உறை இருக்கிறது. மின்கம்பியின் மேல் உள்ள பிளாஸ்டிக் உறை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நோயில் உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே அந்த உறையைத் தாக்கி அரித்துவிடுகிறது. செய்திகள் தாமதமாகப் போகும், அல்லது போகாமலே நின்றுவிடும்.

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரன் அகஸ்டஸ் டெஸ்ட் என்பவருக்கு இந்த நோய் இருந்திருக்கிறது. 1822-இல் ஸ்காட்லாந்தில் உறவினர் ஒருவரின் இறுதிச் சடங்குக்குப் போனவருக்குக் கண் மங்கியது. பிறகு சரியானது. பின்வந்த வருடங்களில் கால்கள் பலம் இழந்தன. எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். ஆனால் 1848-இல் அவர் இறக்கும்வரை அந்த நோய்க்கு ஒரு பெயர்கூடக் கிடையாது! 1868-இல்தான் பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் ழான் மார்த்தேன் ஷார்க்கோ, நோயாளிகளிடம் கண்ட அறிகுறிகளையும், இறந்த பிறகு அவர்களின் மூளை, தண்டுவடத்தில் கண்ட தழும்புகளையும் இணைத்து, இது தனியொரு நோய் என்று விளக்கிப் பெயரும் வைத்தார்.

சரி, உறை அரிந்தால் கால் பலவீனமாகத்தானே ஆக வேண்டும்? ஏன் இறுகுகிறது? எனக்குப் புரியாத இடம் இதுதான். பதில் சார்லஸ் ஷெரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் இருக்கிறது. 1898-இல் அவர் ஒரு பரிசோதனையை விவரித்தார். பூனையின் மூளைத்தண்டைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டி, மேல்மூளையின் தொடர்பை அறுத்தால், அதன் கால்கள் தளர்வதற்குப் பதில் விறைத்து நீண்டன. தண்டுவடத்துக்குள் நுழையும் உணர்வு நரம்பு வேர்களையும் வெட்டியபோது அந்த விறைப்பு மறைந்தது. 1924-இல் லிடெல் என்பவருடன் சேர்ந்து அவர் இன்னொன்றையும் காட்டினார். தசையை இழுத்தால் அந்தச் செய்தி தண்டுவடத்துக்குப் போகும், அங்கிருந்து "சுருங்கு" என்ற கட்டளை உடனே திரும்பி வரும். 1932-இல் ஏட்ரியனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அதாவது, தசையைச் சுருங்க வைக்கத் தண்டுவடமே போதும். அளவோடு சுருங்க வைக்கத்தான் மேலிருந்து வரும் கட்டுப்பாடு தேவை. என் பாட மொழியில் சொன்னால், செலவு செய்யும் கிளை அலுவலகம் நன்றாகவே இயங்குகிறது, தணிக்கை செய்யும் தலைமை அலுவலகத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது.

1908-இல் ஜெர்மனியின் ஓட்ஃப்ரிட் ஃபோர்ஸ்டர், இதே அடிப்படையில் நோயாளிகளின் உணர்வு நரம்பு வேர்களை வெட்டி இறுக்கத்தைக் குறைக்கும் அறுவை சிகிச்சையை வெளியிட்டார். மாத்திரை வர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 1962-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் ஹைன்ரிக் கெபர்லே பாக்லோஃபென் என்ற மருந்தை உருவாக்கினார். எதற்காக? வலிப்பு நோய்க்காக! அதில் அது தோற்றுப் போனது. ஆனால் தசை இறுக்கத்தைத் தளர்த்தியது. ஒரு சந்தைக்குச் செய்த சரக்கு வேறு சந்தையில் விலைபோன கதை இது. 1977-இல் அமெரிக்கா அனுமதித்தது. 1984-இல் சிகாகோவின் ரிச்சர்ட் பென், ஜெஃப்ரி குரோயின் இருவரும் இதைத் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவத்திலேயே நேரடியாகச் செலுத்திக் காட்டினார்கள். இன்று வயிற்றுத் தோலுக்கடியில் பம்பு பொருத்தி அப்படிச் செலுத்துகிறார்கள். பிறகு டிசானிடின், போட்டுலினம் ஊசி, 2010-இல் பிரிட்டனில் கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த வாய் ஸ்ப்ரே என்று பட்டியல் நீண்டது.

இறுக்கத்தை அளப்பது எப்படி? 1964-இல் பிரையன் ஆஷ்வர்த் என்ற மருத்துவர், இந்த நோயாளிகளிடமே ஒரு மருந்தைச் சோதித்தபோது 0 முதல் 4 வரை ஓர் அளவுகோல் வைத்தார். மருத்துவர் தன் கையால் மடக்கிப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். 1987-இல் சிறிது திருத்தப்பட்டு இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. எளிமையான அளவுகோல்தான். ஆனால் பெரியம்மாவை நடு இரவில் எழுப்பும் அந்த இழுப்பு எந்த எண்ணிலும் வராது. கணக்குப் புத்தகத்தில் ஏறாத செலவு அது.

இன்னொன்று தெரிந்தபோது ஆச்சரியமாக இருந்தது. இறுக்கம் எப்போதும் எதிரி அல்ல. பலவீனமான காலில் அந்த விறைப்புதான் சிலரை எழுந்து நிற்க வைக்கிறது. மருந்தை அதிகமாக்கி முழுதும் தளர்த்தினால் கால் மடிந்து விழுந்துவிடுவார்கள். அதே சமயம் மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. வலிப்பு, மனக்குழப்பம்வரை போகலாம். கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் சொல்லித்தான் செய்ய வேண்டும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண் போன்றவைகூட இறுக்கத்தைக் கூட்டும் என்பதால், திடீரென்று அதிகமானால் முதலில் அவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக, என் கேள்விக்கு வந்த பதில். 1980-இல் ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் லான்ஸ் இந்த இறுக்கத்துக்கு ஒரு வரையறை தந்தார். அதன் சாரம், தசையை எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு அதிகமாக அது எதிர்க்கும் என்பது. படித்ததும் சுருக்கென்றது. பெரியம்மா பிடித்து வைக்கவில்லை. பேருந்துக்கு ஓடும் என் அவசரம்தான் அந்தக் காலை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தது.

இப்போது கால் மணி நேரம் முன்னதாக எழுந்துகொள்கிறேன். மெதுவாக, மிக மெதுவாக மடக்குகிறேன். எல்லா நாளும் இல்லை, ஆனால் பல நாட்களில் கால் மடங்குகிறது. "என்னடா, இன்னிக்குப் பஸ் இல்லையா?" என்கிறார் பெரியம்மா.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால், அவர்களிடம் "தளர்த்திக்கோ" என்று சொல்வதற்கு முன் நம் கையின் வேகத்தைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள்.