ஸ்லேட்டர் கிராமங்கள்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. ஆனால் அரை நூற்றாண்டுக் காலம் அது கல்லூரிகளை இணைத்துக்கொண்டு, தேர்வு நடத்தி, பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. 1904ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம்தான் பல்கலைக்கழகமே பாடம் சொல்லவும் ஆராய்ச்சி நடத்தவும் வழி திறந்தது. அதன் பின் உருவான பேராசிரியர் பதவிகளுள் ஒன்று இந்தியப் பொருளாதாரத்துக்கு உரியது. 1915இன் இறுதியில் அப்பதவியை முதன்முதலாக ஏற்றவர் கில்பர்ட் ஸ்லேட்டர். ‘ஸ்லேட்டர் கிராமங்கள்’ என்று ஆய்வாளர்கள் இன்றும் வழங்கும் பெயர் அவரால் வந்தது.

ஸ்லேட்டர் அதற்கு முன் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர் கல்விக்காக ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். இங்கிலாந்தில் ஊர்ப் பொதுநிலங்கள் வேலியிட்டு அடைக்கப்பட்டதையும், அதனால் சிறு குடியானவர்கள் நிலமிழந்ததையும் ஆராய்ந்து 1907இல் நூல் எழுதியவர். ஒரு நாட்டின் பொருளாதாரத்தை அறிய, கிராமத்து வயலில் யாருக்கு என்ன உரிமை என்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்ற பார்வை அந்த ஆய்வில் வேர்கொண்டது. சென்னைக்கு வந்தபோதும் அவர் அந்த இடத்திலிருந்தே தொடங்கினார்.

1916இல் அவர் ஒரு வினாப்பட்டியலைத் தயாரித்து மாணவர்களிடம் கொடுத்தார். விடுமுறைக்குச் செல்பவர்கள் சொந்த ஊரையோ நன்கு தெரிந்த ஊரையோ அதன்படி விசாரித்து எழுதிவர வேண்டும். நிலம் எவ்வளவு, யாரிடம் இருக்கிறது, குத்தகை என்ன, பாசனம் எப்படி, மாடும் ஏரும் எத்தனை, கூலி பணமா தானியமா, கடன் யாரிடம், வட்டி எவ்வளவு என்று கேள்விகள் நீண்டன. மாணவர்கள் கொண்டுவந்த அறிக்கைகளிலிருந்து தேர்ந்தெடுத்தவை 1918இல் ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலாக வெளிவந்தன. ஏறத்தாழ அதே காலத்தில் ஹெரால்டு மான் தக்காணத்தில் ஒரு கிராமத்தை ஆராய்ந்து 1917இல் நூல் வெளியிட்டார். இந்தியக் கிராம ஆய்வுகளுக்கு இவ்விரண்டு நூல்களும் தொடக்கம் எனலாம்.

ஸ்லேட்டரின் நூலில் தெலுங்கு, மலையாளப் பகுதிகளின் ஊர்களும் உண்டு. தமிழ்ப் பகுதியில் பின்னாளில் புகழ்பெற்றவை ஐந்து: தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, வடார்க்காட்டின் தூசி, தஞ்சையின் பாலக்குறிச்சி, இராமநாதபுரத்தின் வடமலைபுரம், திருநெல்வேலியின் கங்கைகொண்டான். ஏரிப்பாசனம், ஆற்றுப்பாசனம், கிணற்றுப்பாசனம், மானாவாரி என்று வெவ்வேறு நீர்நிலைமைகளைக் கொண்ட ஊர்கள் இவை. காவிரிப் படுகையின் நெல்வயலும் கரிசல் நாட்டின் காய்ந்த மண்ணும் ஒரே வினாப்பட்டியலால் அளக்கப்பட்டன.

அந்த அறிக்கைகளின் அருமைக்கு இருவேல்பட்டு நல்ல சான்று. அங்கே ஆண்டு முழுவதும் ஒரே பண்ணைக்கு உழைத்த ஆட்களைப் படியாள் என்பார்கள். கூலி தானியமாக அளக்கப்படும். கலியாணச் செலவுக்கு நிலக்காரரிடம் வாங்கிய சிறு கடன்தான் அவரைப் பண்ணையோடு பிணைத்த கயிறு. அளந்த தானியம் வயிற்றுக்கே சரியாகப் போனதால் கடன் தீர வழியில்லை; தகப்பனின் கடன் மகன் தலையில் இறங்கும். சட்டத்தின் கண்ணில் சுதந்திரமானவர், நடைமுறையில் தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டிருந்தார் என்பதை ஒரு மாணவரின் அறிக்கை பதிவு செய்தது.

குறைகளும் இருந்தன. அன்று கல்லூரிப் படிப்பை எட்டியவர்கள் பெரும்பாலும் நிலமுள்ள, மேல்சாதிக் குடும்பத்து ஆண்கள். ஊர்த்தெருவின் திண்ணையிலிருந்து தெரிந்த அளவுக்குச் சேரியின் வாழ்க்கை அவர்களுக்குத் தெரியவில்லை. பெண்களின் உழைப்பும் தெளிவாக எழுதப்படவில்லை. பிற்கால ஆய்வாளர்கள் இந்த அறிக்கைகளை இந்த எச்சரிக்கையோடுதான் பயன்படுத்தினர்.

ஸ்லேட்டர் 1921இல் பதவியிலிருந்து விலகினார். அவர் தொடங்கிய வேலை அவரோடு முடிந்துவிடவில்லை. பின்னர் அத்துறையின் பேராசிரியரான பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணனுடன் சேர்ந்து 1936-37இல் அதே கிராமங்களுக்கு மீண்டும் மாணவர்களை அனுப்பினார். உலகப் பொருளாதார மந்தத்தில் விளைபொருள் விலைகள் சரிந்து, குடியானவர்களின் கடன்சுமை ஏறியிருந்த காலம் அது. மறு ஆய்வின் முடிவுகளைப் பல்கலைக்கழகம் 1940இல் நூலாக்கியது. 1954இல் பல்கலைக்கழகத்தில் ஏற்பட்ட வேளாண் பொருளாதார ஆய்வு மையம் கிராம ஆய்வை நிலையான பணியாக்கியது. 1960களின் தொடக்கத்தில் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த மார்கரெட் ஹாஸ்வெல் ஸ்லேட்டர் கிராமங்களைத் தேடிவந்தார். அவருடைய நூல் 1967இல் வெளியாயிற்று.

அடுத்த கட்டம் சென்னை அடையாற்றில் தொடங்கியது. யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்து ஓய்வுபெற்ற மால்கம் ஆதிசேஷையா, 1971இல் தம் மனைவி எலிசபெத்துடன் சேர்ந்து சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார். 1977இல் அது மத்திய, மாநில அரசுகளின் ஆதரவு பெற்ற தேசிய ஆய்வு நிறுவனமாயிற்று. தமிழக அரசின் நிதித்துறைச் செயலாளராக இருந்த எஸ். குகன் ஆராய்ச்சியாளராக அங்கு வந்தபின், 1980களில் ஐந்து கிராமங்களும் மறுபடி ஆராயப்பட்டன. இருவேல்பட்டில் அமெரிக்க மானிடவியலாளர் ஜோன் மென்ச்சர் குகனோடு இணைந்து பணிபுரிந்தார்.

குகனுக்குக் கிராமக் கணக்கும் அரசின் கணக்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை. தமிழ்நாட்டில் 1962இல் தொடங்கிய முதியோர் ஓய்வூதியம் போன்ற திட்டங்களை அவர் ஆழ்ந்து ஆராய்ந்தார். உழைக்க இயலாத ஏழைகளுக்கு நேரடி உதவி தருவது, வளம் குறைந்த அரசுக்கும் இயலக்கூடிய கடமை என்று எழுதினார். யாருடைய வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை அறியும் கிராம ஆய்வும், அதற்கு நிதி ஒதுக்கும் சமூகக் கொள்கையும் அவரிடம் ஒன்று சேர்ந்தன.

2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் இருவேல்பட்டுக்குச் சென்றபோது, நிலக்கிழார் குடும்பத்தின் பழைய பிடி தளர்ந்திருந்தது. மக்கள் ஊருக்கு வெளியேயும் வேலை தேடிக்கொண்டனர். ரேஷன் அரிசி, ஓய்வூதியம், வேலை உறுதித் திட்டம் ஆகியவை நிலக்காரரை அண்டிப் பிழைக்கும் தேவையைக் குறைத்திருந்தன. சாதிப் பிளவுகள் மறையவில்லை. அவை புதிய அரசியல் வடிவம் பெற்றிருந்தன. அதே குழுவினர் 2012 வரையிலான கங்கைகொண்டானை ஆராய்ந்தபோது, அதைக் கிராமம் என்பதா நகரம் என்பதா என்று பிரிக்க முடியாத நிலையைக் கண்டனர்.

ஓர் ஊரை ஒருமுறை பார்ப்பவருக்கு அன்றைய நிலைமை மட்டுமே தெரியும். திரும்பத் திரும்பச் சென்றதால்தான், 1916இன் படியாள் கடனும் பின்னாளில் அந்தப் பிடி தளர்ந்த விதமும் ஒரே வரலாறாகத் தெரிந்தன. ஒரு விடுமுறையில் மாணவர்கள் நிரப்பிய வினாப்பட்டியல்கள் அந்த வரலாற்றின் முதல் பக்கம்.