பாடப்பிரிவு முதல் நேர்காணல் வரை: பள்ளி வழிகாட்டலில் விடுபடும் சாதி

தமிழ்நாட்டில் ஒரு மாணவரின் தொழில் வாழ்க்கை பெரும்பாலும் முடிவாவது பன்னிரண்டாம் வகுப்பில் அன்று. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுக்கும் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கும் இடைப்பட்ட சில நாட்களில். கணிதத்தை விட்டவருக்குப் பொறியியலின் பெரும்பாலான கிளைகள் அப்போதே கைநழுவுகின்றன. படித்த குடும்பங்களில் இது வீட்டிலேயே பேசி முடிவெடுக்கப்படும். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் தலித் மாணவருக்கு அந்தப் பேச்சுத்துணை இல்லை. மதிப்பெண்ணும் காலியிடமும் ஆசிரியரின் மனக்கணக்கும் அவருக்கான பிரிவைத் தீர்மானிக்கின்றன. அந்த மனக்கணக்கில் சாதிக்கு இடமில்லை என்று நம்புவதற்குக் காரணம் ஏதுமில்லை.

வழிகாட்டல் புதிய கருத்தன்று. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952–53) பள்ளிகளுக்குப் பயிற்சி பெற்ற வழிகாட்டும் அலுவலர்கள் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. அதே 1953இல்தான் இராஜாஜி அரசு, பாதிநேரம் பள்ளி, மீதிநேரம் பெற்றோரின் தொழில் என்னும் தொடக்கக் கல்வித் திட்டத்தைச் சென்னை மாநிலத்தில் புகுத்தியது. ‘குலக்கல்வி’ என எதிர்க்கப்பட்ட அத்திட்டம் 1954இல் கைவிடப்பட்டது. ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை (2023), குடும்பத் தொழில் நிபந்தனையைச் சுட்டிக்காட்டித் தமிழ்நாடு அரசு ஏற்க மறுத்தமைக்கும் இவ்வரலாறே பின்னணி.

2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டம் அரசுப் பள்ளி மாணவரிடம் உயர்கல்வித் தகவல்களைக் கொண்டுசேர்க்கிறது. அதன் பயனைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. எனினும் அதன் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சி பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கானது. பாடப்பிரிவு முடிவாகி இரண்டாண்டுகள் கழிந்தபின் வரும் ஆலோசனை அது.

மேலும், வாய்ப்புகளைச் சொல்வது வேறு, உரிமைகளைச் சொல்வது வேறு. 2012ஆம் ஆண்டின் அரசாணை 92 இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. கலந்தாய்வு வழியாகச் சுயநிதிக் கல்லூரிகளில் சேரும், வருமான வரம்புக்குட்பட்ட பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் கட்டணக் குழு நிர்ணயித்த கட்டணத்தை அரசே ஏற்கும் என்பது அதன் சாரம். கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடருக்கும் இச்சலுகை உண்டு. ஆனால் வேலைக்கான இடஒதுக்கீட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகின்றனர். இவ்வேறுபாட்டை அறியாத மாணவர் எந்தச் சான்றிதழுக்கு எங்கே விண்ணப்பிப்பது என்பதிலேயே ஓராண்டை இழக்கக்கூடும். ‘முதலில் பணம் கட்டு, உதவித்தொகை வந்தால் பார்க்கலாம்’ என்று கல்லூரி சொல்லும்போது இடத்தை விட்டுவிட்டுத் திரும்பும் குடும்பத்திற்கு ‘உன் ஆர்வம் எது?’ என்னும் வினாத்தாளால் பயனில்லை.

பட்டத்திற்குப் பின்னும் தடை தொடர்கிறது. அரசுப் பணிகளுக்கான இடஒதுக்கீடு தனியார் துறைக்கு இல்லை. நாளிதழ்களில் வெளியான தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒத்த தகுதியும் வேறுபட்ட சமூகப் பெயர்களும் கொண்ட விண்ணப்பங்களை அனுப்பிச் சோதித்தனர் சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும். 2007இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் வெளியான அவர்களின் ஆய்வின்படி, நேர்காணல் அழைப்புப் பெறும் வாய்ப்பு உயர்சாதிப் பெயருக்கு 1 எனில் தலித் பெயருக்கு 0.67. அதே ஆண்டு வெளியான ஆய்வொன்றுக்காகச் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் நிறுவன மேலாளர்களிடம் பேசியபோது, தகுதி மட்டுமே முக்கியம் என்றவர்களே நேர்காணலில் ‘குடும்பப் பின்னணி’யைக் கேட்பதாகவும் ஒப்புக்கொண்டனர். பெற்றோர் என்ன வேலை செய்கிறார்கள் என்னும் அந்தக் கேள்வியைத் தூய்மைப் பணியாளரின் மகள் எப்படி எதிர்கொள்வது என்பதை, ஆங்கில உச்சரிப்பைத் திருத்தும் ஆளுமைப் பயிற்சி வகுப்புகள் பேசுவதில்லை.