மௌன இரவு

நாலு பேர் ஒரே சமயத்தில் பேசினால் ஒருவர் பேச்சும் காதில் விழாது. கல்யாணக் கூடத்திலும் ஊர்ப் பஞ்சாயத்திலும் நாம் தினம் பார்க்கிற சங்கதிதான். ஆனால் வானொலி பிறந்த பிறகு, அமெரிக்கா போன்ற பெரிய தேசம் இந்தச் சிறிய பாடத்தைக் கற்றுக்கொள்வதற்குள் 1920 முதல் 1927 வரை ஏழு வருஷம் திண்டாடிப் போயிற்று.

வானொலி நிலையம் ஒவ்வொன்றுக்கும் வானத்தில் ஓர் இடம் வேண்டும். அதைத்தான் அலைவரிசை என்கிறோம். இரண்டு நிலையங்கள் அளவுக்கு மேல் நெருங்கி நின்றால், அவற்றுக்கு இடையிலுள்ள வித்தியாசமே ஒரு சீழ்க்கையாகக் காதைத் துளைக்கும். பகலில் பக்கத்து ஜில்லாக்களோடு அடங்கிக் கிடக்கும் மத்திய அலை, இருட்டியதும் ஆகாயத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான மைல் தாண்டிப் போய் விழும். ராத்திரியில் இலங்கை வானொலியைத் தேடிக் குமிழைத் திருகியவர்களுக்கு இது புதிதல்ல. எங்கள் வீட்டில் பாட்டின் சரணத்துக்கு நடுவே யாரோ அந்நிய பாஷையில் செய்தி வாசித்துவிட்டுப் போவார்!

அமெரிக்காவில் ஒலிபரப்புக்கென்று ஒதுக்கியது 550 முதல் 1500 கிலோசைக்கிள் வரை. இன்று அதை கிலோஹெர்ட்ஸ் என்கிறோம். பத்துக்கு ஒன்றாகப் பிரித்தால் 96 இடங்கள். அதில் ஆறு இடத்தைப் பக்கத்து வீட்டுக்காரரான கனடாவுக்கு விட்டுக்கொடுப்பதாக வாய்மொழி ஒப்பந்தம். நிலையங்களோ 500-க்கு மேல். என்ன செய்வது? ஒரே அலைவரிசையைப் பலர் முறை வைத்துப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஏரித் தண்ணீரை மடை மாற்றி மாற்றிப் பாய்ச்சுவது போலத்தான்.

இந்தச் சமயத்தில்தான் சிகாகோவில் ஓர் அழகான வழக்கம் உண்டாயிற்று. வாரத்தில் ஒரு நாள், திங்கட்கிழமை இரவு, நகரத்து நிலையங்கள் வாயை மூடிக்கொண்டன. எதற்காக? மற்ற ஆறு நாளும் உள்ளூர்ச் சத்தத்தில் அமுங்கிப் போகும் வெளியூர்க் குரல்களை ஜனங்கள் கேட்கட்டும் என்றுதான். அதற்கு ‘மௌன இரவு’ என்றே பெயர். கடை வைத்திருப்பவன், அடுத்த தெருக் கடைக்கு வாடிக்கை போகட்டும் என்று வாரம் ஒரு நாள் கதவைச் சாத்துவானா? சாத்தினார்கள். இந்தச் சரித்திரத்தில் என் மனத்தைத் தொட்ட இடம் இதுவே.

ஆனால் மரியாதை மட்டும் எத்தனை நாளைக்குத் தாங்கும்? அப்போது அமலில் இருந்தது 1912-ஆம் வருஷத்துச் சட்டம். டைட்டானிக் மூழ்கிய நாலு மாதத்தில், கப்பல் தந்திகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பாட்டும் பிரசங்கமும் வீடு தேடி வரும் காலத்தை அது கனவிலும் எண்ணவில்லை. வர்த்தக மந்திரி ஹெர்பர்ட் ஹூவர் அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டே, மாநாடு கூட்டியும் சமாதானம் சொல்லியும் இடம் பங்கிட்டு வந்தார்.

அதே சிகாகோவில் ஜெனித் கம்பெனியின் நிலையத்துக்குக் கிடைத்தது வாரத்துக்கு இரண்டே மணி நேரம். வியாழக்கிழமை இரவு பத்திலிருந்து பன்னிரண்டு வரை. அதுவும் டென்வர் நகரத்து நிலையத்துக்கு அந்த நேரம் வேண்டாமென்றால்தான்! முதலாளி யூஜின் மக்டொனால்டு பொறுத்துப் பார்த்தார். பிறகு கனடாவுக்கென்று விட்டிருந்த இடத்தில் துணிந்து போய் உட்கார்ந்துகொண்டார். நிலையத்து ஊழியர்கள் கடற்கொள்ளைக்காரர் வேஷம் போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள் என்றால், அவர்கள் உற்சாகத்தைக் கேட்க வேண்டுமா?

சர்க்கார் வழக்குப் போட்டது. 1926 ஏப்ரலில் நீதிபதி வில்கர்ஸன், அலைவரிசையையும் நேரத்தையும் இப்படிக் கட்டுப்படுத்த மந்திரிக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தார். ஜூலையில் சர்க்காரின் சட்ட இலாகாவும் அதையே சொல்லிற்று. அவ்வளவுதான், மடை உடைந்தது. அடுத்த சில மாதங்களில் ஏறத்தாழ 200 புது நிலையங்கள் முளைத்தன. பழைய நிலையங்கள் இஷ்டப்படி இடம் மாறின, சக்தியைக் கூட்டின. காசு கொடுத்து வானொலிப் பெட்டி வாங்கியவன் வீட்டில் சங்கீதம் போய்ச் சீழ்க்கை வந்தது.

கடைசியில் 1927 பிப்ரவரி 23-ஆம் தேதி ஜனாதிபதி கூலிட்ஜ் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். ஐந்து பேர் கொண்ட கமிஷன் ஏற்பட்டது. வான அலை யாருக்கும் சொந்தமல்ல. பொது நன்மையைக் கருதி, குறித்த காலத்துக்கு அனுமதி மட்டுமே உண்டு என்பது கொள்கை. நம் நாட்டிலும் சுப்ரீம் கோர்ட்டு 1995-இல் வான அலைகள் பொதுச் சொத்து என்றே தீர்ப்புச் சொன்னது.

இத்தோடு ‘சுபம்’ போடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் 1928-இல் அந்தக் கமிஷன் அலைவரிசைகளை மறுபடி பங்கிட்டபோது, தெளிவான நல்ல இடங்கள் பெரும்பாலும் பணமும் பலத்த கருவிகளும் உள்ள நிலையங்களுக்குப் போயின. கல்லூரிகள் நடத்திய சிறிய நிலையங்கள் பலவற்றுக்கு அரைகுறை நேரமும் பலவீனமான இடமும் கிடைத்தன. செலவு கட்டாமல் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சீழ்க்கை நின்றது வாஸ்தவம். அதோடு சில குரல்களும் நின்று போயின.

ஒருவர் பேச்சு கேட்க வேண்டுமானால் இன்னொருவர் சும்மா இருந்துதான் ஆகவேண்டும். இதற்கு வேறு வழி கிடையாது. கேள்வியெல்லாம், சும்மா இருப்பது யார் என்பதுதான். சிகாகோ நிலையங்கள் திங்கட்கிழமை தோறும் மௌனமாக இருந்தன. செவ்வாய்க்கிழமை மறுபடி பேசின. சட்டம் வந்த பிறகு வாய் மூடிய சிறிய நிலையங்களுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை வரவே இல்லை.