இலைவழிக் கணக்கு: இந்தியாவின் அழகிப் பட்டாம்பூச்சிகளின் பன்மை குறித்து

கறிவேப்பிலைச் செடி வளர்க்கும் வீடுகளில் அந்தப் புழுவைப் பார்க்காதவர் குறைவு. முட்டையை விட்டு வந்த முதல் நாட்களில் பறவை எச்சம் போலக் கருமையும் வெண்மையுமாக இலைமேல் கிடக்கும். கடைசித் தோலை உரித்தபின் பச்சை நிறம் ஏறி, பருத்து, இலையோடு இலையாக ஒன்றிவிடும். விரல் பட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவைக்கொம்பு ஒன்று வெளியே நீளும். கூடவே ஒரு நெடி கிளம்பும். எறும்பையும் சிலந்தியையும் விரட்ட அது போதும்.

பாப்பிலியோனிடே குடும்பத்தை மற்றப் பட்டாம்பூச்சிக் குடும்பங்களிலிருந்து பிரித்துக் காட்டும் உறுதியான அடையாளம் இந்தக் கொம்புதான். ஆங்கிலப் பெயரோ தகைவிலான் குருவியின் வாலை வைத்து வந்தது. எலுமிச்சை அழகிக்கு வால் இல்லை, பொன்னழகிக்கும் இல்லை, லடாக்கின் உயரங்களில் பறக்கும் அப்பல்லோ வகைகளுக்கும் இல்லை. அந்த வகையில், தமிழில் பட்டாம்பூச்சி ஆர்வலர்கள் இக்குடும்பத்துக்கு வழங்கும் 'அழகிகள்' என்ற பெயர் இல்லாத வாலைத் தேட வைக்காமல் நம்மைக் காப்பாற்றுகிறது. சிறகில் தேடிய அடையாளம் புழுவில்தான் கிடைக்கிறது என்றால், இக்குடும்பத்தின் பன்மையையும் புழுவின் பக்கமிருந்தே கணக்கிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இப்போது நடக்கும் கணக்கு வேறு. உலகில் 550க்கும் மேற்பட்ட அழகி இனங்கள், இந்தியாவில் 107, மேற்குத் தொடர்ச்சி மலையில் 19. இந்த எண்களை அடுக்கியதுமே வடகிழக்கு மலைகள் செழிப்பானவை, தென்னகம் வறியது என்ற முடிவும் சேர்ந்து வந்துவிடுகிறது. எண்கள் பொய்யல்ல. கிழக்கு இமயத்திலும் அதைத் தொட்ட மலைகளிலும் இனங்கள் மிகுதி என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓர் இனத்தையும் இன்னோர் இனத்தையும் சம எடையுள்ள கற்களாக வைத்துக் கூட்டும்போது, அவை எந்த இலையைத் தின்று அங்கே நிற்கின்றன என்ற கேள்வி மறைந்துபோகிறது.

அழகிப் புழுக்கள் எதையும் தின்பவையல்ல. நாடு முழுவதும் எடுத்துக்கொண்டாலும் அவற்றின் உணவு பெரும்பாலும் சில தாவரக் குடும்பங்களுக்குள் அடங்கிவிடும். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம், குருந்து, மிளகரணை, பொரசு எல்லாம் ஒரே குடும்பம். கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி, நீல அழகி, மயிலழகிகள் ஆகியவை அதை நம்பியவை. லவங்கப்பட்டை மரத்தின் உறவுகளில் ஒரு கூட்டம் வளர்கிறது. சீத்தா, நெட்டிலிங்கம், சண்பகம் ஆகியவற்றில் இன்னொரு கூட்டம். ஈச்சுரமூலியும் அதன் உறவுக் கொடிகளும் ரோஜா அழகிகளுக்கும் பொன்னழகிக்கும் உரியவை. இமயத்தின் மஞ்சள் அழகியான மக்காவோன் கொத்தமல்லி, சீரகக் குடும்பத்துச் செடிகளில் முட்டையிடுகிறது. மரமே இல்லாத உயரத்தில், பாறையிடுக்கில் வளரும் சதைப்பற்றுச் சிறுசெடிகளை அப்பல்லோக்களின் புழுக்கள் தின்கின்றன.

எலுமிச்சைக் குடும்பத்துக்கும் கொத்தமல்லிக் குடும்பத்துக்கும் தாவரவியலில் நெருங்கிய உறவு கிடையாது. பிறகு ஒரே பேரினத்துப் பட்டாம்பூச்சிகள் இரண்டுக்கும் எப்படிப் போயின? இரு குடும்பங்களின் இலைகளிலும் பொதுவான வாசனைப் பொருள்கள் இருப்பதை 1941இல் பூச்சியியலாளர் டெத்தியர் எடுத்துக்காட்டினார். செடியின் உருவமோ பூவோ பட்டாம்பூச்சிக்குப் பொருட்டல்ல. அது வேதிப்பொருளைத்தான் வாசிக்கிறது. நம் கொல்லைப்புறத்துக் கறிவேப்பிலை அழகிக்கும் காஷ்மீரத்து மக்காவோனுக்கும் இடையே பாலம் போட்டது இலையின் மணம். 1964இல் உயிரியலாளர்கள் எர்லிக்கும் ரேவனும் பட்டாம்பூச்சிகளும் தாவரங்களும் ஒன்றையொன்று மாற்றியபடியே பெருகின என்ற கருத்தை முன்வைத்தபோது, அதற்கு இக்குடும்பம் நல்ல சான்றாக நின்றது. ஆகவே இந்தியாவின் 107ஐ அந்தச் சில வேதி வாசல்களின் வழியே பிரித்துப் படித்தால்தான், ஒரு மலையில் ஏன் பத்தும் மற்றொன்றில் ஏன் ஐம்பதும் இருக்கின்றன என்று கேட்கவாவது முடியும்.

ஈச்சுரமூலிக் கொடியிடம் சற்று நிற்க வேண்டும். அதிலுள்ள அமிலங்கள் மனிதச் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. ரோஜா அழகியின் புழு அந்த நஞ்சைத் தின்று உடலில் சேமிக்கிறது. அது சிறகு முளைத்த பின்னும் தங்குகிறது. ஒருமுறை கடித்த பறவை அந்தச் சிவந்த உடலை மறப்பதில்லை. இந்த நினைவின் நிழலில் பிழைப்பது கறிவேப்பிலை அழகியின் பெண். ஆணுக்கு ஒரே தோற்றம், பெண்ணுக்கு மூன்று. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். ஒன்று ரோஜா அழகியைப் போலிருக்கும். மூன்றாவது, ரோஜா அழகிகளில் இன்னொன்றான சிவப்புடல் அழகியைப் போலிருக்கும். நஞ்சில்லாத உடல், நஞ்சுள்ளதன் உடை.

இப்பெண் உருவங்களின் பன்மையை இயற்கையியலாளர் வாலஸ் 1865இல் வெளியான கட்டுரையில் பேசினார். இலங்கையில் பூச்சியியலாளர் ஃப்ரையர் தலைமுறை தலைமுறையாக இவற்றை வளர்த்து, உருவ வேறுபாடு மெண்டலின் விதிகளுக்குட்பட்டுக் கடத்தப்படுகிறது என்பதை 1913இல் காட்டினார். நூறாண்டு கழிந்து, 2014இல் கிருஷ்ணமேக் குண்டேயும் உடன் ஆய்வாளர்களும் அந்த வேறுபாட்டைக் கடத்தும் காரணியின் முகவரியைக் கண்டனர்: பூச்சிகளில் ஆண்–பெண் வேறுபாட்டை நடத்தும் டபுள்செக்ஸ் மரபணு. இத்தனை வரலாறும் இனப்பட்டியலில் ஒரே ஒரு வரியாக, ஒரே ஒரு எண்ணாக நிற்கிறது. சிவப்புடல் அழகியின் உடையணிந்த பெண்கள் பெரும்பாலும் சிவப்புடல் அழகி வாழும் தீபகற்பத்துக்கும் இலங்கைக்கும் உரியவர்கள். ஒரு வட்டாரத்தில் ஈச்சுரமூலிக் கொடிகள் அழிந்தால் போவது ரோஜா அழகிகள் மட்டுமல்ல. கறிவேப்பிலைச் செடிகள் அப்படியே இருக்க, அந்தப் போலி உடைக்கும் பொருளில்லாமல் போகும். கறிவேப்பிலை அழகி அங்கே பறந்துகொண்டிருப்பதால் எண்ணிக்கை இதைச் சொல்லாது.

இனித் தென்னகத்தின் 'வறுமை'க்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் 19 இனங்களில் ஐந்து வேறெங்கும் கிடையாது: பொன்னழகி, மலபார் ரோஜா, மலபார்ப் பட்டை மயிலழகி, மலபார் ரேவன், மலபார்ப் பட்டை அழகி. கால் பங்குக்கும் மேல். இவற்றில் மலபார் ரேவனுக்கு 1880இல் வுட்-மேசன் சூட்டிய அறிவியல் பெயரில் திராவிடரும், மலபார் ரோஜாவுக்கு 1881இல் மூர் சூட்டியதில் பாண்டியரும் இருக்கிறார்கள். கடல் தாண்டினால் இதே பாடம் வேறு எழுத்தில். நம் பொன்னழகிக்கு இலங்கையில் அங்கேயே உரிய தனியினம் ஒன்று இணையாக நிற்கிறது. நம் மலபார் ரோஜாவைச் சிலர் இலங்கை ரோஜாவின் துணையினமாகவே முன்பு வைத்திருந்தனர். வடகிழக்கின் மழைக்காடுகளுக்கும் இங்குள்ள மழைக்காடுகளுக்கும் இடையே வறண்ட நிலம் விரிந்து கிடக்கிறது. அந்த இடைவெளியில் தனித்துப்போனவையே இவை. அந்தமானின் மார்மோன், வாள்வால், குண்டாந்தடி வால் அழகிகளும் அப்படிப்பட்ட தனிமையின் பிள்ளைகள்.

இங்கே என் வாதத்துக்கு எதிராகவே ஒரு கேள்வி எழும். இலைதான் எல்லாமென்றால், ஈச்சுரமூலி வறண்ட சமவெளியிலும் படர்கிறதே. பொன்னழகி ஏன் அங்கே இறங்கி வரவில்லை? நியாயமான கேள்வி. ஈரம், வெப்பம், காட்டின் நிழல், பழைய புவியியல் பிரிவு எல்லாம் வேலை செய்கின்றன. இலை இருந்தால் பட்டாம்பூச்சி இருக்கும் என்று நான் சொல்லவில்லை. இலை இல்லாத இடத்தில் அது இருக்க முடியாது என்கிறேன். முதலாவதற்கு எதிர்ச்சான்றுகள் நிறைய உண்டு. இரண்டாவதற்கு ஒன்று கிடைப்பதும் கடினம், வழிதவறி வந்த தனிப் பூச்சியைத் தவிர்த்துவிட்டால்.

மனிதன் இலையைக் கொண்டுபோன இடங்கள் இதை நன்றாகக் காட்டும். சாலையோரமும் பள்ளி வளாகங்களிலும் நெட்டிலிங்கம் நட்ட பிறகு, காட்டுக்குரிய வாலுடைய ஜே அழகி நகரங்களில் குடியேறிவிட்டது. எலுமிச்சை அழகி பெருங்கடல்களையே தாண்டிற்று: 2004இல் கரீபியக் கடலின் டொமினிக்கன் குடியரசில் தென்பட்டு, அங்குள்ள எலுமிச்சைத் தோட்டங்களுக்குத் தலைவலியானது. ஒரு நகரத்தின் பட்டியலில் இனங்கள் கூடுகின்றன என்பது எப்போதும் நல்ல செய்தியல்ல. எங்கும் வாழ்பவை வந்து நிரப்ப, ஓரிடத்துக்கே உரியவை மறைந்தாலும் கூட்டுத்தொகை மாறாமல் நிற்கும்.

நம் பாதுகாப்பு முயற்சிகள் சிறகையே பார்க்கின்றன. மகாராஷ்டிரம் 2015இல் நீல அழகியையும் கேரளம் 2018இல் மலபார்ப் பட்டை மயிலழகியையும் மாநிலப் பட்டாம்பூச்சிகளாக அறிவித்தன. கர்நாடகம் பொன்னழகியையும் உத்தராகண்ட் மயிலழகி ஒன்றையும் அருணாசலப் பிரதேசம் கைசர்-இ-ஹிந்தையும் தேர்ந்தன. தமிழ்நாட்டின் தமிழ் மறவன் வேறு குடும்பத்தது. பொன்னழகிப் பேரினமும் கைசர்-இ-ஹிந்தும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. இவை தேவையான செயல்களே. களவாடி விற்பவனின் வலையை இவை தடுக்கும். ஆனால் வேலியோரத்தில் புதர் வெட்டும் அரிவாளை இவை தடுக்காது. ஈச்சுரமூலிக்கு அங்கே களை என்றுதான் பெயர். பொரசு மரத்தை வெட்டுபவருக்கு அது ஒரு மயிலழகியின் வீடு என்று யார் சொல்லியிருப்பார்கள்?

கணக்கெடுப்பின் முறையிலேயே ஒரு சாய்வும் இருக்கிறது. அழகிகளை எண்ண வசதியான இடம் ஓடைக்கரை ஈரமண். வெயிலேறியதும் அங்கே பத்தும் இருபதுமாகக் கூடி, உப்புச் சத்தை உறிஞ்சியபடி படமெடுக்க வாகாக அமர்ந்திருக்கும். அவை பெரும்பாலும் ஆண்கள். அதே நேரத்தில் பெண் சற்றுத் தள்ளி, முழங்கால் உயரப் புதருக்குள் தாழப் பறந்து, ஓர் இலையில் இறங்கி, முன்கால்களால் தட்டிச் சுவைபார்த்து, அது இல்லையென்று அடுத்த இலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். குறிப்பேட்டில் 'எத்தனை' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'எந்தச் செடியில் முட்டையிட்டது' என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். அதை நிரப்ப, ஓடைக்கரையை விட்டு அந்தப் புதருக்குள் போக வேண்டியிருக்கும்.