வாசல்ல நிக்கிறது யாரு?

வீட்டு வாசல்ல கேமரா மாட்டுறது ஏதோ ஸ்மார்ட்போன் காலத்து சமாச்சாரம்னு நினைச்சுக்கிட்டு இருந்தீங்கன்னா, இல்லை மக்களே. அதுக்குக் கிட்டத்தட்ட அறுபது வயசு ஆச்சு. கண்டுபிடிச்சது பெரிய கம்பெனி எதுவும் இல்லை, ஒரு நர்ஸம்மா.

பேரு மேரி வான் பிரிட்டன் பிரவுன். நியூயார்க் நகரத்தில் குவீன்ஸ் பகுதியில், ஜமைக்கா என்கிற பேட்டையில் குடியிருந்த கறுப்பினப் பெண். கணவர் ஆல்பர்ட் எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன். ரெண்டு பேருக்கும் வேலை நேரம் கண்டபடி மாறும். பல ராத்திரி அந்தம்மா வீட்ல தனியா இருப்பாங்க. ஏரியாவில் குற்றங்கள் அதிகம், கூப்பிட்டாலும் போலீஸ் வந்து சேர நேரமாகும். யாராவது கதவைத் தட்டினா எழுந்து போய்ப் பார்க்கவும் பயம், பார்க்காம இருக்கவும் பயம்.

அதனால கதவுல மேலும் கீழுமா நாலு ஓட்டை. உயரமான ஆளா, குட்டைப் பையனா, யார் நின்னாலும் தெரியற மாதிரி ஒரு கேமரா அந்த ஓட்டைகளுக்குப் பின்னால ஏறி இறங்கும். படம் படுக்கையறை டிவியில் வரும். மைக்ல 'யாருப்பா அது?'ன்னு கேட்கலாம். தெரிஞ்ச ஆளா? ஒரு பட்டனை அமுக்கினா தாழ்ப்பாள் திறக்கும். தெரியாத ஆளா? இன்னொரு பட்டன், அபாய மணி. 1966 ஆகஸ்டில் ரெண்டு பேருமா விண்ணப்பம் போட்டு, 1969 டிசம்பர் 2 அன்னிக்குக் காப்புரிமை கிடைச்சது. எண் 3,482,037. இணையத்துல தேடினா படங்களோட கிடைக்கும், அவசியம் பாருங்க. அதோட சுருக்கத்தில் முதல் வரியே, இது வீட்டில் குடியிருப்பவரின் கட்டுப்பாட்டில் இயங்குகிற அமைப்புன்னு சொல்லுது. (ரிக்வயர்மென்ட் டாகுமென்ட் எழுதுற நம்ம ஆசாமிகள் கவனிக்க: மொத்த டிசைனும் ஒரே வரியில்!)

அந்த வரியை ஞாபகம் வச்சுக்குங்க.

அப்புறம் ரொம்ப காலம் இது பணக்காரர் வீட்டிலும் பேங்க், கடைகளிலும்தான் இருந்தது. டேப் காலத்தில் போலீசுக்குப் படம் வேணும்னா வந்து கதவைத் தட்டணும். வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துக் கேட்கணும். அவர் தரலாம், தர மாட்டேன்னும் சொல்லலாம். அப்புறமும் வேணும்னா கோர்ட் வாரன்ட்.

இது மாறினது படம் வீட்டை விட்டு வெளியே போனப்பதான். ஜேமி சிமினாஃப் என்கிறவர் கராஜில் வேலை பார்க்கும்போது காலிங்பெல் சத்தம் காதில் விழலைன்னு ஒரு கேமரா பெல் செய்தார். அதுதான் பின்னாளில் ரிங். 2013ல் ஷார்க் டேங்க் நிகழ்ச்சிக்குப் போய் முதலீடு இல்லாம திரும்பினார். 2018ல் அமேசான் நூறு கோடி டாலருக்கு மேல கொடுத்து வாங்கிடுச்சு. படமெல்லாம் கம்பெனி சர்வரில். இதெல்லாம் நம்ம ஆளுங்க தினமும் எழுதுற கோடுதான், பெரிய மாயம் ஒண்ணும் இல்லை.

அந்த 2018லயே 'நெய்பர்ஸ்'னு ஒரு ஆப். போலீஸ்காரர் மேப்பில் ஒரு இடத்தைச் சுத்திக் கோடு போட்டு நேரத்தைக் குறிச்சா, அங்க கேமரா வச்சிருக்கிறவங்களுக்கெல்லாம் மெயில் போகும். கொடுக்கலாம், மறுக்கலாம். யார் மறுத்தாங்கன்னு போலீசுக்குத் தெரியாது. 2019 ஆகஸ்டில் இதில் சேர்ந்திருந்த காவல் துறைகள் 405. ரெண்டு வருஷத்தில் ரெண்டாயிரத்தைத் தாண்டிடுச்சு.

பிரயோஜனம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். திருடன் முகம் பக்கத்து வீட்டு கேமராவில் இருந்தா யாருக்குத்தான் கொடுக்க மனசு வராது? ஆனா கம்பெனி சொன்ன கணக்குகள் வேற ரகம். லாஸ் ஏஞ்சல்ஸில் வில்ஷயர் பார்க் பகுதியில் பத்தில் ஒரு வீட்டுக்கு பெல் மாட்டினதும் திருட்டு 55 சதவீதம் குறைஞ்சதுன்னு விளம்பரம் பண்ணாங்க. 2018ல் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரெவ்யூ பத்திரிகை நகரத்தோட குற்றப் பட்டியலை எடுத்து வச்சுப் பார்த்தது. அந்த 55 அதில் அகப்படலை.

எனக்கு உறுத்தறது வேற. 2022ல் ஒஹையோ மாநிலத்தில் ஒருத்தர், அக்கம்பக்கத்து வீட்டு விசாரணைக்காகத் தன் வாசல் கேமராப் படத்தை மனசாரக் கொடுத்தார். போலீஸ் இன்னும் கேட்டது, கேட்டுக்கிட்டே இருந்தது. கடைசியில் வாரன்ட் போச்சு, அவருக்கு இல்லை, நேரா கம்பெனிக்கு. அவரோட இருபதுக்கும் மேற்பட்ட கேமராக்கள் அதில். வீட்டுக்குள்ள இருக்கிறதும் சேர்த்து! நல்லது செய்யப் போன மனுஷன் சார் அவரு.

அதே 2022 ஜூலையில் செனட்டர் எட் மார்க்கிக்கு அமேசான் கொடுத்த பதில்ல, அவசரம்னு சொல்லி அந்த வருஷம் மட்டும் 11 தடவை சொந்தக்காரர் சம்மதம் இல்லாமலே போலீசுக்குப் படம் கொடுத்திருக்கோம்னு ஒத்துக்கிட்டாங்க. 2023ல் இன்னொரு கூத்து. கம்பெனி ஊழியர்களே வாடிக்கையாளர் வீடியோக்களைப் பார்த்த விவகாரத்தில், 58 லட்சம் டாலர் கட்ட அமெரிக்க வர்த்தக ஆணையத்தோட உடன்பாடு.

2024 ஜனவரியில் அந்த 'போலீஸ் கேட்கும்' வசதியை மூடினாங்க. அப்பாடான்னு இருந்தது. 2025ல் சிமினாஃப் திரும்பி வந்தார். போலீஸ் சாதனங்கள் செய்யற ஆக்ஸான் கம்பெனியோட சேர்ந்து, வேற பேர்ல அதே வசதி மறுபடி வந்தாச்சு.

மேரி 1999ல் காலமானார். அவர் வீட்டுப் பட்டன் ரெண்டும் படுக்கைக்குப் பக்கத்திலேயே இருந்துச்சு.