யூனிக்ஸ் போய் லினக்ஸ் வந்தது: காந்தி ரோடு கடையில் ஒரு மாற்றம்

மலர்க் குழு நண்பர் போன் செய்து, "நீதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே, நம்ம ஊருக்குக் கம்ப்யூட்டர் வந்த வரலாற்றை எழுதிக் கொடுப்பா" என்றார். முழு வரலாறு என் கையில் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு துண்டை எழுதுகிறேன். பெரிய காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையின் சர்வர் 1999-இல் எஸ்.சி.ஓ. யூனிக்ஸிலிருந்து லினக்ஸுக்கு மாறிய கதை இது. மாற்றியவன் அடியேன். அதில் ஒரு பெரிய தப்பைச் செய்தவனும் அடியேன்தான்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்காகக் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன். யூனிக்ஸ் 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் கையில் பிறந்தது. 1973-இல் அதைச் 'சி' மொழியில் திருப்பி எழுதினார்கள். (சென்னை ரிச்சி தெருவுக்கும் இந்த ரிச்சிக்கும் சம்பந்தமில்லை. இருப்பதாக நான் இரண்டு வருஷம் நம்பியிருந்தேன்!) பெல்லின் தாய்க் கம்பெனியான ஏ.டி. அண்டு டி., 1956-இல் அரசோடு ஏற்பட்ட வழக்குத் தீர்வின்படி, கம்ப்யூட்டர் வியாபாரத்தில் இறங்க முடியாது. அதனால் யூனிக்ஸ் மூலநிரலோடு குறைந்த விலையில் பல்கலைக்கழகங்களுக்குப் போயிற்று. போன இடமெல்லாம் ஒரு பிள்ளை பிறந்தது. பெர்க்லியில் பி.எஸ்.டி.; மைக்ரோஸாஃப்ட் 1980-இல் அறிவித்த ஸெனிக்ஸ்; அந்த ஸெனிக்ஸை வாங்கி பி.சி.யில் ஓடவைத்து விற்ற சாந்தா குரூஸ் ஊர்க் கம்பெனிதான் எஸ்.சி.ஓ.

நம் நாட்டில் 1978-இல் ஐ.பி.எம். வெளியேறியது. உள்ளூர்க் கம்பெனிகள் தாங்களே மெஷின் கட்ட ஆரம்பித்தன. எந்த மெஷினிலும் ஏற்றக்கூடிய சிஸ்டம் என்றால் யூனிக்ஸ்தான். 1980-களில் சி. ரங்கராஜன் தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த குழுக்கள் வங்கிகளின் கணினிமயத்துக்குப் பாதை போட்டன. யூனிக்ஸ் தெரிந்தவனுக்கு வேலை கிடைத்தது. ஒரே ஒரு பி.சி., அதில் எஸ்.சி.ஓ., அதிலிருந்து எட்டு ஒயர் இழுத்து எட்டு டெர்மினல். எட்டுப் பேர் வேலை பார்க்கலாம். சிக்கனமான ஏற்பாடு. நம் பட்டுக்கடையும் அப்படித்தான் இருந்தது.

அந்தச் சர்வரில் இருந்தது வெறும் விற்பனைக் கணக்கு மட்டுமில்லை. பாவு, ஊடை, ஜரிகை எல்லாவற்றையும் கடை எடைபோட்டுக் கொடுக்கும். நெசவாளர் சேலையாக்கித் தருவார். கூலியில் முன்பணம் கழியும். யாரிடம் எத்தனை கிராம் ஜரிகை நிற்கிறது, யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதற்குள்தான்.

1999-இல் எல்லோருக்கும் இரண்டாயிரம் ஆண்டு பயம். ஃபாக்ஸ்ப்ரோவின் டேட்டா கோப்புக்குள் தேதி எட்டு இலக்கமாகத்தான் இருக்கும், அதில் கோளாறில்லை. திரையில் வருஷத்தை இரண்டு இலக்கமாக அடித்தால் அது 19 என்று எடுத்துக்கொள்ளும். அதைச் சரிசெய்ய 'செட் செஞ்சுரி ஆன்' என்ற ஒரு வரியும், நாலு இலக்கத்துக்கு இடம் விட்ட திரையும் போதும். ஆனால் பழைய யூனிக்ஸையும் புதுப் பதிப்பாக்க வேண்டும் என்று விற்றவர்கள் சொன்னார்கள். உரிமமோ தலைக்கணக்கு. பத்துப் பேர் உரிமம் என்றால் பதினோராவது ஆள் உள்ளே வர முடியாது. முதலாளி விலையைக் கேட்டுவிட்டு, "ஏம்பா, வேற வழியே இல்லையா?" என்றார்.

வழி என் பையில் இருந்தது. ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் அறிவித்து, 1994 மார்ச்சில் 1.0 பதிப்பாக வெளியிட்ட லினக்ஸ். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் தொடங்கிய குனு திட்டத்தின் கருவிகள் சேர்ந்து, ஏ.டி. அண்டு டி.யின் யூனிக்ஸ் நிரல் இல்லாமலே யூனிக்ஸ் மாதிரி நடக்கிற சிஸ்டம். 1996-இல் பி.சி. க்வெஸ்ட் பத்திரிகை குறுந்தகட்டில் கொடுத்ததும் நம்மைப் போன்ற ஊர்க்காரர்கள் கைக்கும் வந்தது. பத்திரிகை விலைதான், தலைக்கணக்கு கிடையாது.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வேலையை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: பாவு பிணைப்பது. ஒரு பாவு தீர்ந்தால் விழுதையும் அச்சையும் யாரும் பிரிப்பதில்லை. பழைய இழையின் நுனியில் புது இழையைத் திரித்து, ஒவ்வொன்றாகச் சேர்த்து இழுத்துக்கொள்கிறார்கள். ஆயிரக்கணக்கில் இழை, ஒன்று விட்டாலும் துணியில் தெரிந்துவிடும்.

முதல் இழை ஃபாக்ஸ்ப்ரோ. அது எஸ்.சி.ஓ.வுக்காகச் செய்தது, லினக்ஸில் எப்படி ஓடும்? ஐ.பி.சி.எஸ். என்று ஒரு மாட்யூல் இருந்தது. புரோகிராம் எஸ்.சி.ஓ. பாஷையில் கேட்பதை லினக்ஸ் பாஷையில் சொல்லும் துபாஷி. ஓடிவிட்டது! அன்று ராத்திரி நானும் கடைப் பையனும் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக் கொண்டாடினோம். அவசரப்பட்டுவிட்டோம். டெர்மினலில் ஃபங்ஷன் கீ ஒன்றும் வேலை செய்யவில்லை. பழைய மெஷினிலிருந்து டெர்மினல் விவரக் கோப்புகளைக் கொண்டுவந்த பிறகே வழிக்கு வந்தது. அடுத்து பிரிண்டர். யூனிக்ஸ் குடும்பத்தில் வரி முடிந்தால் ஒரே ஒரு குறிதான்: அடுத்த வரிக்குப் போ. இடது ஓரத்துக்குத் திரும்பு என்று தனியாகச் சொல்ல வேண்டும். பழைய சிஸ்டம் அதைத் தானே சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தது, இதில் நாம்தான் சேர்க்க வேண்டும். சேர்க்காததால் கூலிச் சீட்டு ஏகாம்பரநாதர் கோயில் குளத்துப் படிக்கட்டு மாதிரி சரிந்து சரிந்து விழுந்தது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாதது அந்தச் சனிக்கிழமை நடந்தது. டேட்டாவை டேப்பில் எடுத்துப் புது மெஷினில் இறக்கி, இண்டெக்ஸ் கோப்புகளை எல்லாம் திரும்பக் கட்டினேன். ஒன்றை விட்டுவிட்டேன். பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு பெரியவர் சேலையோடு வந்தார். குமாஸ்தா தேடினார். பேர் வரவில்லை. புதுக் கணக்கு ஒன்று திறந்தார்: ஜரிகை இருப்பு பூஜ்யம், கூலி வரவு பூஜ்யம். இருபது வருஷமாக அந்தக் கடைக்கு நெய்கிறவர்.

பெரியவர் சத்தம் போடவில்லை. இடுப்பிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதுல இருக்கு தம்பி. உங்க பெட்டில இல்லைன்னா நான் இல்லாமப் போயிடுவேனா?" என்றார்.

நோட்டையும் டேட்டா கோப்பையும் வரிவரியாக ஒப்பிட்டேன். கோப்பில் எல்லாம் இருந்தது. தேடுகிற இண்டெக்ஸில்தான் அவர் இல்லை. திரும்பக் கட்ட ஐந்து நிமிஷம் ஆகவில்லை. அதன் பிறகு பத்து நாள் இரண்டு மெஷினிலும் கணக்குப் போட்டு, எல்லா நெசவாளர் பாக்கியையும் நோட்டோடு சரிபார்த்த பிறகே பழைய மெஷினை அணைத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

எஸ்.சி.ஓ. கதையின் முடிவு விசித்திரமானது. அதன் யூனிக்ஸ் வியாபாரத்தை 2001-இல் வாங்கியது கால்டெரா என்கிற லினக்ஸ் கம்பெனி! அது 2002-இல் எஸ்.சி.ஓ. குரூப் என்று பேரை மாற்றிக்கொண்டு, லினக்ஸில் எங்கள் சரக்கு இருக்கிறது என்று 2003-இல் ஐ.பி.எம். மீது வழக்குப் போட்டது. யூனிக்ஸ் பதிப்புரிமை நாவெல் கம்பெனியிடம்தான் இருக்கிறது என்று 2007-இல் நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே எஸ்.சி.ஓ. திவால் மனு கொடுத்தது. அதே 2007-இல் சென்னை சி-டாக் நம் மொழிகளோடு 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது.

கடைச் சர்வர் 2006 வரை ஓடியது. பிறகு முதலாளியின் மகன் விண்டோஸும் டேலியும் போட்டுக்கொண்டார். பெரியவர் அதுவரை சனிக்கிழமைதோறும், "என் பேரைக் காட்டுப்பா" என்று டெர்மினலைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி, பார்த்த பிறகுதான் கூலி வாங்குவார்.

பழைய எஸ்.சி.ஓ. புத்தகங்கள் ஒரு கட்டு என் வீட்டுப் பரணில் இருக்கின்றன. இப்போது படிக்கிற பிள்ளைகள் யாருக்காவது வேண்டுமானால் சங்கத்தில் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.