கார்ப் பூச்சும் புரட்சியும்

உருவமா, உள்ளடக்கமா என்று நாம் சண்டை போட்டுக்கொள்ளும் போதெல்லாம் மூன்றாவதாக ஒன்று விடுபட்டுப் போவதாக எனக்குப் படுகிறது. சாதனம். மெக்ஸிக ஓவியர் தாவித் அல்ஃபாரோ ஸிக்கெய்ரோஸின் 1936ஆம் வருஷத்துக் காரியங்கள் இந்த விவாதத்திற்கு உபயோகப்படும்.

எண்ணெய் வர்ணம் பழைய சமூகத்தின் சாதனம். புரட்சிக்கு இயந்திர யுகத்தின் சாதனமே வேண்டும் என்பது அவர் கட்சி. 1932ல் லாஸ் ஏஞ்சலீஸில் சுவர்ச் சித்திரங்களுக்கு ஸ்ப்ரே துப்பாக்கியைக் கையிலெடுத்தார். 1936ல் நியூயார்க்கில் ஒரு சோதனைப் பட்டறை தொடங்கினார். அங்கே முக்கிய வர்ணம் ட்யூகோ. கார்களுக்கு அடிப்பதற்காக டுபாண்ட் கம்பெனி தயாரித்த, சீக்கிரம் காயும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. பலகையைக் கிடையாகப் போட்டு இதை ஊற்றினார்கள், சொட்டவிட்டார்கள், மணல் சேர்த்தார்கள், வெட்டிய அட்டைகளை வைத்து மேலே பீய்ச்சினார்கள்.

ஊற்றியதில் எதிர்பாராதது நேர்ந்தது. ஒரு வர்ணத்தின் மேல் அதைவிடக் கனமான வர்ணத்தை ஊற்றினால் மேலது அமிழ்கிறது, கீழது அதைத் துளைத்துக்கொண்டு எழும்புகிறது. சுழிகளும் குகைகளும் தாமாகவே உண்டாயின. 2015ல் மெக்ஸிகோ விஞ்ஞானிகள் இதைச் சோதனையில் மறுபடி செய்து, அடர்த்தி வித்தியாசமே காரணம் என்று காட்டினார்கள். ஸிக்கெய்ரோஸ் இந்தத் தற்செயலை வரவேற்றார். ஆனால் அது கருத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்றார்.

கட்டுப்பட்டதா? 'கூட்டுத் தற்கொலை' (1936) படத்தை நான் அச்சுப் பிரதிகளில்தான் பார்த்திருக்கிறேன். ஸ்பானியப் படைக்கு அடிபணியாமல் பாறையிலிருந்து குதித்துச் சாகும் பூர்வகுடிகள் விஷயம். குதிரைவீரர்கள் அட்டை வெட்டில் வந்த பொடி உருவங்கள். அவர்களைச் சுற்றிக் கொதிக்கும் வர்ணம் எந்தப் படைக்கும் சொந்தமில்லை. படத்தின் பயங்கரம் அதில்தான் இருக்கிறது.

அந்தப் பட்டறையில் 24 வயது ஜாக்ஸன் பொல்லாக்கும் இருந்தார். 1947 முதல் அவர் வர்ணத்தை ஊற்றியபோது குதிரைவீரர்கள் தேவைப்படவில்லை. ஸிக்கெய்ரோஸோ 1940 மே மாதம் டிராட்ஸ்கி வீட்டின் மீது நடந்த துப்பாக்கித் தாக்குதலுக்குத் தலைமை தாங்கினார். மாற்றுக் கருத்தை மனிதனிடம் சகிக்காதவர், வர்ணத்திடம் சகித்துக்கொண்டிருக்கிறார்.

பொல்லாக்கை வெற்றியாகவும் இவரைத் தோல்வியாகவும் எழுதும் சரித்திரம் எனக்குச் சம்மதமில்லை. தன் நம்பிக்கைக்கு எதிராகத் தன் சாதனமே பேசியபோது, அதை மறைத்துப் பூசாமல் பலகையில் விட்டுவைத்தார். நம் கட்சி எழுத்தாளர்களில் எத்தனை பேர், கருத்தை மீறிப் போகும் ஒரு வாக்கியத்தை அடிக்காமல் விட்டிருக்கிறார்கள்?